ரிப்பேரில் வளர்ந்த ஊர் - பீளமேடும் பம்புசெட்டும்

கல்லூரி மைதானத்தில் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிற்றைச் சுண்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகும் ஒரு சின்ன பெட்ரோல் இஞ்சின், அடியில் சுழலும் ஒரு பிளேடு, பின்னால் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். இந்த மெஷின் எங்கே பிறந்தது தெரியுமா? துணி மில்லில்!

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரவுட் என்று ஒரு ஊர். கம்பளித் துணிக்குப் பேர் போன பகுதி. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீராக வெட்ட, உருளையில் சுருள் சுருளாகக் கத்திகள் பொருத்திய ஒரு மெஷின் அங்கே மில்களில் ஓடியது. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அதைப் பார்த்து, துணியை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று யோசித்தார். 1830-ல் காப்புரிமை வாங்கினார். பெட்ரோல் இஞ்சின் பொருத்தி விற்பனைக்கு வந்தது 1902-ல், ரான்சம்ஸ் என்ற கம்பெனியிடமிருந்து.

அதே குளோஸ்டர்ஷயரில், ஸ்ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு சிறிய ஊர் டர்ஸ்லி. அங்கே 1867-ல் தொடங்கிய லிஸ்டர் கம்பெனியின் ஆயில் இஞ்சின்தான் பிறகு இந்தியக் கிராமங்களில் டுப் டுப் என்று சத்தம் போட்டது. துணி மில் இருக்கும் ஊரில் மெக்கானிக் இருப்பான். மெக்கானிக் இருக்கும் ஊரில் வேறு மெஷினும் பிறக்கும். இங்கிலாந்தில் நடந்த இந்தக் கதை கோயமுத்தூரிலும் நடந்தது. ஆனால் இங்கே புல்லை வெட்டுவதற்காக இல்லை. கிணற்றில் இருக்கும் தண்ணியை மேலே கொண்டுவருவதற்காக.

கவலை ஏற்றம்

கொங்கு நாட்டில் காவிரி, பவானி, அமராவதி, நொய்யல் ஆறுகள் ஓடினாலும் ஆற்றுப் பாசனம் கிடைத்த நிலம் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் மழையும் குறைவு. மீதி நிலத்துக்கு எல்லாம் கிணறுதான். பாறையில் வேட்டு வைத்து, ஐம்பது அடி, நூறு அடி என்று தோண்டிய கிணறுகள். கிணறு உள்ள நிலத்துக்குத் 'தோட்டம்' என்று பேர், இல்லாத நிலத்துக்குக் 'காடு' என்று பேர். இந்த இரண்டு வார்த்தையிலேயே ஒரு குடும்பத்தின் வசதியைச் சொல்லிவிடலாம்!

தண்ணி இறைக்க இருந்த ஒரே வழி கவலை (மற்ற ஊர்களில் கமலை என்பார்கள்). இரண்டு எருதுகள் சரிவுப் பாதையில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டு, தண்ணி நிரம்பிய சால் மேலே வரும். சாலின் அடியில் உள்ள தோல் வாய் வழியாகத் தண்ணி வாய்க்காலில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னோக்கி மேலே ஏற வேண்டும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே வேலை. கயிறு அறுந்தால் மாற்ற வேண்டும், தோல் கிழிந்தால் தைக்க வேண்டும், உருளை தேய்ந்தால் ஆசாரியைக் கூப்பிட வேண்டும். கெட்டுப்போவதும் கண்ணுக்குத் தெரியும், சரி செய்வதும் ஊருக்குள்ளேயே நடக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. நீண்ட இழை, நல்ல விலை. ஆனால் தண்ணி பாய்ச்சினால்தான் நன்றாக விளையும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து கோயமுத்தூரில் மில்கள் பெருகிக்கொண்டிருந்தன. மில்லுக்குப் பருத்தி வேண்டும், பருத்திக்குத் தண்ணி வேண்டும், தண்ணிக்கு எருதுகள் போதவில்லை. இதுதான் சிக்கல்.

ஆயில் இஞ்சின் வருகிறது

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை இஞ்சினியரிங் காலேஜில் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் மாகாணத்தின் தொழில் துறையையும் கவனித்தவர். 1900-களின் தொடக்க ஆண்டுகளில் ஆயில் இஞ்சினையும் சென்ட்ரிபியூகல் பம்பையும் இணைத்து விவசாயக் கிணறுகளில் சோதித்தார். எருதுகளால் இறைக்கும் செலவு எவ்வளவு, இஞ்சினால் இறைக்கும் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 'லிப்ட் இரிகேஷன்' என்று ஒரு புத்தகமே எழுதினார்.

கணக்கு சரிதான். ஆனால் கிணற்றடியில் இரண்டு பிரச்சினைகள் காத்திருந்தன.

முதலாவது இயற்பியல். மேலே உட்கார்ந்திருக்கும் பம்பு தண்ணியை 'உறிஞ்சுகிறது' என்கிறோம். உண்மையில் பம்பு காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியில் உள்ள வளிமண்டலம்தான் தண்ணியைக் குழாய்க்குள் தள்ளுகிறது. வளிமண்டலத்தால் தள்ள முடிந்த உயரம் கணக்குப்படி 34 அடி. குழாய் உராய்வு எல்லாம் போக நடைமுறையில் 20 முதல் 25 அடி. நூறு அடிக் கிணற்றுக்கு இது எப்படிப் போதும்? அதனால் கிணற்றின் பக்கச் சுவரில் பாறையைக் குடைந்து திண்டு வெட்டி, பம்பைக் கீழே இறக்கி வைத்தார்கள். தண்ணி இன்னும் இறங்கினால் பம்பையும் இன்னும் கீழே இறக்க வேண்டும். ஆயில் இஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்தாலோ, புகை போக வழியில்லாமல் உள்ளே இறங்கும் ஆளுக்கு ஆபத்து.

இரண்டாவது பிரச்சினை இன்னும் பெரியது. இஞ்சின் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

இஞ்சின் ஏன் நிற்கிறது?

ஒற்றை சிலிண்டர் ஆயில் இஞ்சின் ஒன்றும் மர்மம் இல்லை. 1929-ல் விற்பனைக்கு வந்த லிஸ்டர் இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 5 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 600 சுற்று, இரண்டு பக்கமும் கனமான பிளைவீல். ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்ய வால்வைத் தூக்கிப் பிடித்து, அழுத்தம் இல்லாமல் கைப்பிடியால் வேகமாகச் சுற்றி, வேகம் வந்ததும் வால்வை விட வேண்டும். பிளைவீல் தன் கனத்தால் முதல் அழுத்தத்தைத் தாண்டினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

பிடிக்கவில்லை என்றால் காரணங்கள் மூன்று வகைதான். டீசல் போய்ச் சேரவில்லை, அழுத்தம் வரவில்லை, அல்லது சுற்று போதவில்லை. டேங்க் காலியாகி மறுபடி நிரப்பினால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். பைப் நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். நாசிலில் அடைப்பு இருந்தால் டீசல் பனிபோலத் தெளிக்காமல் சொட்டாக விழும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் வராது, கைப்பிடி இலேசாகச் சுற்றும்.

ஓடும் இஞ்சினின் நோயைப் புகையை வைத்தே சொல்வார்கள். கறுப்புப் புகை என்றால் சுமை அதிகம் அல்லது நாசில் சரியில்லை. நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணி கசிகிறது. நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரிதான்!

பம்பு பக்கம் வேறு கதை. பம்பு ஓடுகிறது, தண்ணி வரவில்லை என்றால் பெரும்பாலும் புட் வால்வு. குழாயின் அடியில் இருக்கும் இந்த ஒருவழி வால்வில் ஒரு சின்னக் கல்லோ இலையோ சிக்கினால் நிரப்பிய தண்ணி எல்லாம் கிணற்றுக்கே திரும்பிவிடும். குழாயில் காற்று இருந்தால் பம்பு வெறுமனே சுற்றும். சாணியைக் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றி வால்வின் கசிவை அடைப்பது ஊர் ஊராக நடந்த வைத்தியம். சிரிக்க வேண்டாம், சாணியில் உள்ள நார் கசியும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அது கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யும்! தண்ணி ஏறிய பிறகு வால்வைக் கழற்றிக் கழுவுவது அடுத்த நாள் வேலை. ஷாப்ட் பக்கம் காற்று இழுத்தால் கிளாண்ட் கயிறு மாற்ற வேண்டும். அதையும் அளவாக இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் ஷாப்ட் தேயும், தளர்வாக விட்டால் காற்று இழுக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழுந்தால் சரியான இறுக்கம்.

இவ்வளவும் தெரிந்தாலும் ஒரு விஷயம் கையில் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ்! இஞ்சின் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. உடைந்த பாகமும் அங்கிருந்துதான் வர வேண்டும். பாகம் வரும்வரை பருத்திச் செடி காத்திருக்குமா? ஒரு வாரம் தண்ணி இல்லாவிட்டால் வெள்ளாமை போனது போனதுதான். வெள்ளாமைக்காக வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

பீளமேட்டுப் பட்டறைகள்

பீளமேட்டின் பழைய பெயர் பூளைமேடு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ நிறைந்த மேட்டு நிலம். இந்த ஊருக்கு ராதாகிருஷ்ணா மில், ரங்கவிலாஸ் மில் என்று மில்கள் வந்தன. மில் என்றால் ஆயிரக்கணக்கான கதிர்கள், பெல்ட்டுகள், பேரிங்குகள், பல் சக்கரங்கள். தினமும் எதாவது ஒன்று உடையும். அதைக் கடைந்து கொடுக்க லேத் வேண்டும், வார்த்துக் கொடுக்க பவுண்டரி வேண்டும்.

பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தைத் தொடங்கினார்கள். சொத்தை ஐந்து பங்காக்கி நான்கு பங்கு மகன்களுக்கு, ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு என்பது கோவையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தர்மப் பணத்தில் அவர்கள் ஒரு தொழிற்பட்டறையும் வைத்தார்கள் என்பது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் படிக்கும் இடமாகவும் இருந்தது, பம்பும் மோட்டாரும் மெஷினும் செய்து விற்கும் இடமாகவும் இருந்தது. கையில் எண்ணெய்க் கறை படாமல் யாரும் வெளியே போக முடியாது! 1951-ல் அதே வளாகத்தில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது, ஜி.ஆர்.தாமோதரன் அதன் முதல் முதல்வரானார். பட்டறையும் வகுப்பறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் தொடர்ந்தது.

இன்னொரு பக்கம் ஜி.டி.நாயுடு (1893 - 1974). கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை ஊர் சுற்றுவது அல்ல. வண்டியைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டினார்! 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்று வளர்ந்தது. பஸ் கம்பெனி நடத்தும் எவருக்கும் தெரியும், அது பாதி போக்குவரத்து, பாதி ரிப்பேர் தொழில்.

கழற்றிப் பார்த்தவனுக்கு அதைச் செய்து பார்க்கும் ஆசை வரும். பீளமேட்டில் ஜி.டி.நாயுடு தொடங்கிய நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸில் 1937-ல் ஒரு எலக்ட்ரிக் மோட்டார் தயாரானது. இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று அது சொல்லப்படுகிறது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு டி.பாலசுந்தரம் நாயுடுவுக்கு. இவர்தான் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியை வளர்த்தவர்.

இரண்டாம் உலகப் போர் (1939 - 1945) இறக்குமதியை முடக்கியது. ஸ்பேர் பார்ட்ஸ் வராது என்ற நிலையில், உடைந்த பாகத்தை மாதிரியாக வைத்து வார்ப்பதும் கடைவதும் பட்டறைகளின் தினசரி வேலை ஆனது. இம்பெல்லரைச் செய்யத் தெரிந்தவனுக்கு அதன் உறையைச் செய்யத் தெரியாதா? இரண்டும் தெரிந்தால் முழு பம்பே வந்துவிட்டதே! சுதந்திரத்துக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இதற்கு இன்னும் இடம் கொடுத்தன. பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி என்று தெருத் தெருவாகச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைவார், ஒருவர் காயில் கட்டுவார், ஒருவர் மாட்டி விற்பார். கோயமுத்தூர் பம்பு நகரமான வரலாறு இதுதான். பெரிய திட்டம் போட்டு வந்தது இல்லை, ரிப்பேர் செய்து செய்து வந்தது.

இதே காலத்தில் ஆயில் இஞ்சின்களும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின. 1946-ல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின்ஸ் தொடங்கியது. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் லிஸ்டர் இஞ்சினையும் பெட்டர் இஞ்சினையும் அச்சு அசலாக வார்த்து விற்றன. கிராமங்களில் 'பீட்டர் இஞ்சின்' என்று சொல்வார்களே, அது யாரோ பீட்டர் என்பவர் கண்டுபிடித்தது இல்லை! இங்கிலாந்தின் பெட்டர் கம்பெனிப் பெயர்தான் நம் ஊர் வாயில் பீட்டர் ஆனது.

பைக்காராவின் கரண்ட்

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அதன் கரண்ட் கோயமுத்தூர் மில்களுக்கு வந்தது, பிறகு கம்பி கிராமங்களுக்கும் நீண்டது. 1937-ல் மேட்டூர் மின்சாரமும் சேர்ந்தது. 1937-ல் பீளமேட்டில் மோட்டார் செய்ததும் இதுவும் தற்செயல் இல்லை. கரண்ட் வந்த இடத்தில்தான் மோட்டாருக்கு வேலை.

விவசாயிக்கு மோட்டார் வரம்தான். கைப்பிடி சுற்ற வேண்டாம், டீசல் சுமக்க வேண்டாம், புகை இல்லை என்பதால் கிணற்றுத் திண்டிலேயே வைக்கலாம். ஆனால் நோய்கள் மாறின. லோ வோல்டேஜ் வந்தால் அதே சுமையை இழுக்க மோட்டார் அதிக கரண்ட் எடுக்கும், காயில் சூடாகும். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் சுற்றாமல் உறுமும், அல்லது சுற்றிக்கொண்டே கருகும். மூன்று பேஸ் கரண்ட் சில மணி நேரம் மட்டும் என்று இருந்த நாட்களில், மீதி நேரத்தில் இரண்டு பேஸிலேயே கண்டன்சர் போட்டு ஓட்டியவர்கள் ஏராளம். பயிர் காய்கிறபோது யார் ரூல்ஸ் பார்ப்பார்கள்? அதற்கான விலையை மோட்டார் கொடுத்தது.

கருகிய மோட்டாரை டெம்போவில் ஏற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோவது தோட்டக்காரர்களின் வாழ்க்கையில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பழைய காயிலை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, அதே கம்பி அளவில் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தர வேண்டும். நல்ல கடைக்காரர் சுற்றில் ஒன்றுகூடக் குறைக்கமாட்டார். அவசரத்தில் மட்டமான கம்பியைச் சுற்றினால் மோட்டார் ஓடும், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் வேண்டாத கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும்.

பைசா கணக்கும் துப்பாக்கிச் சூடும்

மோட்டார் ஊரெங்கும் வந்தபின் கரண்ட் கட்டணம் விவசாயியின் வீட்டுக் கணக்கில் ஏறியது. கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா ஏறினாலும் அது கடன்காரனின் வட்டி மாதிரி ஒவ்வொரு பாய்ச்சலிலும் தெரியும். கோவையை அடுத்த வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோயமுத்தூர் தெருக்களை நிரப்பின. கவலை இழுத்த மாடுகளின் இடத்தைப் பிடித்தது மோட்டார். அந்த மோட்டாரின் கரண்ட் கட்டணத்துக்காக மாடுகளே வண்டி இழுத்து ஊருக்குள் வந்தன. வரலாறு சில நேரம் இப்படித்தான் வேடிக்கை காட்டும்!

1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. உயிர் கொடுத்து வாங்கிய உரிமை அது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கரண்டுக்குக் காசு இல்லை என்றால், மட்டமாக ரீவைண்டிங் செய்த மோட்டார் எவ்வளவு வீணடிக்கிறது என்று யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அடைத்த புட் வால்வு, அளவில் சிறிய குழாய், தேய்ந்த இம்பெல்லர் எதுவும் பில்லில் தெரியாது. பராமரிப்பு என்பதே செலவைக் கண்ணால் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆழம்

தண்ணி கீழே போய்க்கொண்டே இருந்தது. கிணற்றுத் திண்டில் இருந்த மோட்டார் அடியைத் தொட்டது. அடியிலிருந்து பக்கவாட்டில் துளை போட்டார்கள். பிறகு போர்வெல். கொஞ்சமாக ஊறும் போரில் காற்றை அழுத்தித் தண்ணியை மேலே தள்ளும் கம்ப்ரசர் மோட்டார் வந்தது. அதற்கும் கீழே போனால் சப்மெர்சிபிள். கோவைப் பகுதியில் ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்கள் இன்று சாதாரணம்.

சப்மெர்சிபிளில் 25 அடிக் கணக்கு இல்லை. பம்பு தண்ணிக்குள்ளேயே இருப்பதால் உறிஞ்ச வேண்டாம், தள்ளினால் போதும். பெரும்பாலான விவசாய மாடல்களில் மோட்டாருக்குள்ளேயே தண்ணி நிரப்பி இருக்கும், காயில் கம்பிக்கு பிளாஸ்டிக் உறை உண்டு. இறக்கும் முன் நல்ல தண்ணி நிரப்ப மறந்தால் பேரிங் போய்விடும். ஆனால் கவலையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை! தண்ணி வரவில்லை என்றால் மோட்டார் போனதா, கேபிள் போனதா, குழாய் ஓட்டையா, இல்லை போரிலேயே தண்ணி தீர்ந்துவிட்டதா? மேலே இருக்கும் அம்மீட்டர் மட்டும்தான் சாட்சி. முள் வழக்கத்தைவிட மேலே நின்றால் இறுக்கம் அல்லது காயில் கோளாறு. கீழே நின்றால் பம்பு வெறுமனே சுற்றுகிறது, தண்ணி இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முக்காலி நட்டு, செயின் பிளாக் கட்டி, குழாயை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும். அப்படித் தூக்கிப் பார்த்தபிறகு, மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, பூமியில்தான் தண்ணி இல்லை என்று தெரியும்போது எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

சின்ன இஞ்சின் மறுபடி வருகிறது

ஆயில் இஞ்சின் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களை 2008 முதல் 2013 வரை நீடித்த மின்வெட்டு திரும்பிப் பார்க்க வைத்தது. பட்டறைகள் ஜெனரேட்டரில் ஓடின, அல்லது நின்றன. மூலையில் துருப்பிடித்த இஞ்சின்களைத் துடைத்து எடுத்தார்கள். துடைத்து ஸ்டார்ட் செய்யத் தெரிந்த பழைய மெக்கானிக்குகளுக்கு மீண்டும் மரியாதை வந்தது.

இப்போது தோட்டங்களில் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால் பவர் வீடர், பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் என்று சின்ன பெட்ரோல் இஞ்சின்கள் நிறைந்துவிட்டன. புல்வெட்டும் மெஷினுக்கு இவை அண்ணன் தம்பிகள். நோய்களும் ஒன்றுதான். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூன்று கேள்வி: பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, காற்று வருகிறதா? மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த மெஷின் என்றால் முதல் சந்தேகம் கார்புரேட்டர். பழைய பெட்ரோல் பிசினாகிச் சின்னத் துளைகளை அடைத்துவிடும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் சீசன் முடிந்ததும் டேங்க்கை வடித்து, மீதியும் தீரும்வரை ஓட்டி நிறுத்துவது நல்லது. பிறகு பிளக்கைக் கழற்றிக் கரி துடைக்க வேண்டும், ஏர் பில்டரைத் தட்ட வேண்டும், ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். பிளேடு பக்கம் கை வைக்கும் முன் பிளக் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்து விரலை இழந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

ஊர் எதைக் கற்றுக்கொண்டது?

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்டு, ஜி.டி.நாயுடு பெயர் வைக்கப்பட்டது. பீளமேட்டின் மேலேயே அது போகிறது. பாலத்தின் மேல் போகிறவர்களுக்குக் கீழே உள்ள சந்துகளில் லேத் ஓடும் சத்தம் கேட்காது. அந்தச் சந்துகளில்தான் இந்த ஊரின் உண்மையான பல்கலைக்கழகம் பல காலம் நடந்தது. சர்டிபிகேட் கிடையாது, ஆனால் பாடம் உண்டு. கழற்று, ஏன் கெட்டது என்று பார், சரி செய், முடிந்தால் அதைவிட நன்றாகச் செய்.

இன்று பல பொருட்கள் கழற்றவே முடியாதபடி வருகின்றன. ஸ்குரூ இல்லை, ஒட்டி மூடியிருக்கிறார்கள். போனால் தூக்கிப் போடு, புதிது வாங்கு என்கிறார்கள். கழற்ற முடியாத பொருளிலிருந்து ஒரு ஊர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இங்கிலாந்திலிருந்து வந்த இஞ்சின் மட்டும் அப்படி ஒட்டி மூடி வந்திருந்தால், பீளமேடு இன்றும் அதை வாங்கும் ஊராகத்தான் இருந்திருக்கும், செய்யும் ஊராக ஆகியிருக்காது.

அடுத்த முறை வீட்டில் மோட்டார் உறுமினால், உடனே புதிதுக்கு விலை கேட்காதீர்கள். மெயினை ஆப் செய்துவிட்டு, மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்!